சகலையின் காரில் என் பிள்ளைகள்

தாண்டிக்குடி
27 ஏப்ரல் 2025, ஞாயிறு

சுதாவுக்கு,

ஆறு தடவை போன் அடித்தேன். நீ எடுக்கவில்லை. அதனால் இந்தக் கடிதம். வாழைத்தார் ஏற்றிக்கொண்டு பழனிக்கு வருகிற லாரி டிரைவர் பழனிக்குமாரிடம் கொடுத்துவிடுகிறேன். அவன் பிரித்தாலும் பயமில்லை. என் கையெழுத்தை என் வாத்தியாராலேயே படிக்க முடிந்ததில்லை.

முதலில் அந்த வாந்தி விஷயம். இருபத்திரண்டு வருஷமாக இந்த மலையில் ஜீப் ஓட்டுகிறேன். ஏறுகிற டூரிஸ்டுக்கெல்லாம் எலுமிச்சம்பழம் கொடுத்து, "மோந்துக்கிட்டே வாங்க, தூரமா பாருங்க" என்று புத்தி சொல்கிறவன். அப்பேர்ப்பட்டவன், லீவுக்கு நம்மைப் பழனிக்குக் கூட்டிப்போக வந்த உன் அக்கா வீட்டுக்காரர் தனசேகரின் புதுக் காரில், நமக்காக அவர் சீட்டு மேல் இருந்த பாலிதீன் உறையைப் பிரித்துப் போட்ட முதல் நாளில், பெரும்பாறை இறக்கத்தில் மூன்றாவது வளைவுகூடத் தாண்டவில்லை. ஸ்டியரிங் என் கையில் இருந்தால் எனக்கு ஒன்றும் ஆகாது. அடுத்தவர் கையில் இருந்தால் குடல் தனியாக ஒரு வளைவு போடுகிறது. இதை நான் உன்னிடம் கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

செய்தி எனக்கு முன்னால் ஜீப் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. மூக்கையா அண்ணன் ஊர் கேட்கக் கத்துகிறார்: "ஏலே ராசு, எலுமிச்சம்பழம் தரவாலே? தூரமா பாருலே!" தினமும் ஒரு பழம் என் சீட்டில் யாரோ வைக்கிறார்கள். ரசம் வைத்துக் குடிக்கிறேன்.

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் நான் பேசினது தப்புதான். "நீங்க ஓட்டுனா மாடுகூட வாந்தி எடுக்கும்" என்று சகலையிடம் சொன்னேன். அவர் திருப்பித் திட்டியிருந்தால் சரியாகப் போயிருக்கும். சிரித்தார். அதுதான் எனக்கு ஏறிவிட்டது. "எம் புள்ளைகள எறக்கி விடுங்க" என்றேன். நீ இறங்கவில்லை. இந்து கண்ணாடியை ஏற்றிவிட்டாள். பஸ் ஸ்டாண்டு தூசிக்காக ஏற்றினாள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

இப்போது முக்கியமான சேதி. இந்த மே மாதம் பிள்ளைகளைத் தீம் பார்க்குக்கு நானே கூட்டிப்போகிறேன். திண்டுக்கல் தாண்டி, மதுரை ரோட்டில் இருக்கிறதே, அதற்குத்தான். முன்பெல்லாம் சொன்ன மாதிரி இல்லை. இது நிஜம். பிள்ளைகளிடம் சொல்லிவை.

ராஜ்மோகன்


பழனி
30 ஏப்ரல், புதன்

இந்து அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. போன் வேண்டாம். போனில் நீங்கள் முதல் நிமிஷம் கெஞ்சுகிறீர்கள், ரெண்டாவது நிமிஷம் கத்துகிறீர்கள், மூணாவது நிமிஷம் சிக்னல் போய்விட்டது என்கிறீர்கள். எழுதினால் கொஞ்சம் யோசித்து எழுதுகிறீர்கள். எழுதுங்கள்.

சீட்டை அத்தான் தானே ஷாம்பு போட்டுக் கழுவினார். நான் கழுவுகிறேன் என்றதற்கு, "விடு சுதா, மலைக்காரனுக்கு கீழ எறங்குனா அப்படித்தான்" என்றார். ஒரு வார்த்தை கூட உங்களைக் குறைத்துப் பேசவில்லை.

தீம் பார்க்கைப் பற்றி: அத்தான் ஏற்கெனவே ஏற்பாடு செய்துவிட்டார். மே 18, ஞாயிற்றுக்கிழமை. அக்கா, அத்தான், நான், பிள்ளைகள் ரெண்டு பேரும். அவர் வேலை பார்க்கிற லாட்ஜில் லீவு சொல்லியாயிற்று. எந்த விளையாட்டுக்கு எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று அத்தான் போனில் பார்த்து, ஒரு தாளில் படம் போட்டு வைத்திருக்கிறார். பெரிய ரயில் ஒன்று தலைகீழாகச் சுற்றுகிறதாம், அதற்கு நூற்று நாற்பது சென்டிமீட்டர் வேண்டுமாம். இந்துவைச் சுவரில் நிறுத்தி அத்தான் அளந்தார். நூற்று நாற்பத்தொன்று. அவள் குதித்த குதியில் கீழ் வீட்டுக்காரர்கள் வந்து கேட்டார்கள். செல்வம் நூற்றுப் பதினெட்டு. குதிகாலைத் தூக்கிப் பார்த்தான், அத்தான் விடவில்லை.

நீங்கள் நிஜம் என்று எழுதியதைப் படித்தேன். இந்து யுகேஜி படித்தபோதும் நிஜம் என்றுதான் சொன்னீர்கள். மே மாதம் ஜீப்புக்காரனுக்கு அறுவடை மாதம், ஜூனில் போகலாம் என்பீர்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிடும். ஊரே இ-பாஸ் எடுத்துக்கொண்டு நம் மலைக்கு வருகிறது. ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் நீங்கள் சுற்றிக் காட்டுகிறீர்கள். நம் பிள்ளைகளுக்கு லீவு என்றால் ரோட்டோரம் நின்று கார்களுக்கு டாட்டா காட்டுவது. நான் குறை சொல்லவில்லை. அந்த மாதம் ஓட்டினால்தான் மற்ற மாதம் அடுப்பு எரியும், எனக்குத் தெரியும். ஆனால் இந்துவுக்குப் பன்னிரண்டு வயது. இன்னும் ரெண்டு வருஷம் போனால் நம்மோடு வர அவளே வெட்கப்படுவாள்.

காரில் இடம் இருக்கிறது. அத்தான் உங்களையும் கூப்பிடச் சொன்னார். வாருங்கள்.

சுதாராணி

பி.கு. உங்களுக்கு முன் சீட்டு என்று அத்தான் சொல்கிறார்.


தாண்டிக்குடி
4 மே, ஞாயிறு

சுதாவுக்கு,

உன் கடிதத்தில் 'அத்தான்' எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணினேன். எட்டு இடம். என் பெயர் உறையின் மேல் மட்டும் இருக்கிறது. அதுவும் லாரிக்காரனுக்காக.

இந்துவின் உயரத்தில் ஏதோ தப்பு இருக்கிறது. அவள் ஜீப் பக்கத்தில் நின்றால் பக்கக் கண்ணாடிக்கு ஒரு விரல் கீழே வருவாள். அந்தக் கண்ணாடியை இன்று அளந்தேன். கணக்குப்படி நூற்று முப்பத்திரண்டு. சகலை வீட்டு டேப்பு பழைய டேப்பாக இருக்கும். தையல்காரரிடம் கொண்டுபோய் அளந்து பார். சந்தேகத்துக்காகச் சொல்லவில்லை. கேட்டில் நிறுத்தி, "நீ போக முடியாது" என்று சொன்னால் பிள்ளை மனசு என்ன ஆகும்?

நான் ஒரு முடிவு எடுத்துவிட்டேன். நாம் மே 11-ஆம் தேதியே போகிறோம். சகலைக்கு ஒரு வாரம் முந்தி. நீ, நான், பிள்ளைகள். ஸ்டாண்டில் என் முறையை மூக்கையா அண்ணனுக்கு விட்டுக்கொடுத்தாயிற்று. சீசனில் முறையை விட்டால் மறுபடி வரிசையில் கடைசிக்குப் போக வேண்டும் என்பது உனக்குத் தெரியும். அவரே என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "ஏலே, காய்ச்சலா?" என்றார்.

நான் சும்மா பேசுகிறேன் என்று நினைக்காதே. வியாழக்கிழமை ஒரு குடும்பத்தை மதுரையில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது அந்தப் பார்க்குக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பரீட்சைக்கு முன்னால் பாடத்தைப் புரட்டுவது போல. பெரிய ரயிலை அண்ணாந்து பார்த்ததோடு சரி. சின்னப் பிள்ளைகள் ஏறுகிற டீ கப்பு ஒன்று சுற்றுகிறது, அதில் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பொடியன் என் முகத்தைப் பார்த்து, "மாமா, நீங்க அழுவுறீங்களா?" என்று கேட்டான். "கண்ணுல தூசிப்பா" என்றேன். இறங்கினதும் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். ஆனால் வாந்தி இல்லை. இதைக் குறித்துக்கொள்.

11-ஆம் தேதி காலை ஏழு மணி. ஒட்டன்சத்திரம் பஸ் ஸ்டாண்டு. நீங்கள் பழனியிலிருந்து வாருங்கள், நான் மலையிலிருந்து இறங்கி வருகிறேன். சகலையிடம் சொல்ல வேண்டாம். திரும்பி வந்து பிள்ளைகள் வாயால் கேட்டுக்கொள்ளட்டும்.

நான் எழுதுவது உனக்குச் சின்னத்தனமாகத் தெரியும். எனக்கும் தெரிகிறது. என் பிள்ளைகள் முதல்தடவை அந்தக் கேட்டுக்குள் நுழையும்போது கையைப் பிடித்திருப்பது நானாக இருக்க வேண்டும். வேறு ஒன்றும் இல்லை.

ராஜ்மோகன்


பழனி
7 மே, புதன்

இந்து அப்பாவுக்கு,

செல்வத்திடம் ரகசியம் சொல்லிவைப்பதும் கோயில் மைக்கில் சொல்வதும் ஒன்றுதான். நேற்று சாப்பாட்டில் உட்கார்ந்தவன், "பெரியப்பா, நாங்க ஒங்களுக்கு முந்தியே போறோமே" என்று பாடிவிட்டான். அக்கா என்னைப் பார்க்கிறாள், நான் ரசத்தைப் பார்க்கிறேன்.

அத்தான் சாப்பிட்டு முடித்தார். எழுந்து போய், சுவரில் ஒட்டியிருந்த அந்தப் படம் போட்ட தாளை எடுத்து நாலாக மடித்து இந்து கையில் கொடுத்தார். "அப்பாட்ட குடு. எந்த எடத்துல கூட்டம் கம்மி, எதுக்கு முதல்ல போகணும்னு எழுதியிருக்கேன். பிரயோஜனப்படும்" என்றார். அக்கா ராத்திரி என்னிடம் சொன்னாள்: ஆறு வருஷத்தில் அவர் கேட்ட முதல் லீவு அது. அவர்கள் பையன் கோயம்புத்தூரில் படிக்கிறான், லீவுக்குக்கூட வருவதில்லை. அவனை ஒரு தடவையும் இப்படிக் கூட்டிப்போகவில்லை என்று அவருக்கு ஒரு குறை. பக்தர்கள் வருகிற நாளெல்லாம் லாட்ஜில் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு லீவு விடுகிற நாளும் அதே நாள்.

இதை உங்களை வருத்தப்படுத்த எழுதவில்லை. சரி, கொஞ்சம் வருத்தப்படுத்தத்தான் எழுதினேன்.

இந்துவைத் தையல்காரரிடம் அளந்தேன். நூற்று நாற்பத்தொன்று. ஜீப் கண்ணாடியை அவள் தாண்டி ஆறு மாதம் ஆகிறது. நீங்கள் அவளைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்து எவ்வளவு நாள் ஆகிறது என்று நான் கேட்கவில்லை. நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். இந்து இப்போதே துணி எடுத்து வைத்துவிட்டாள். ஏழு மணிக்கு நிற்போம். வந்துவிடுங்கள். வராவிட்டால் நான் உங்களைத் திட்டமாட்டேன். ஆனால் காரணத்தை நீங்கள்தான் அவர்களிடம் சொல்ல வேண்டும். இந்தத் தடவை நான் சொல்லமாட்டேன்.

சுதாராணி


தாண்டிக்குடி
12 மே, திங்கள்

சுதாவுக்கு,

எழுத ஆரம்பித்து நாலு தாள் கிழித்தாயிற்று. பொய் நன்றாக வருகிறது, கையெழுத்து வரவில்லை. அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலை முதல் பஸ்ஸில் ஏறியிருந்தால் ஏழு மணிக்கு வந்திருப்பேன். பஸ் வந்தது, போனது. நான் அதில் இல்லை. நான் செண்பகனூரில் இருந்தேன்.

எனக்கு ஒரு எண்ணம் புகுந்துவிட்டது. சகலை காரில் கூட்டிப்போவார், அவ்வளவு தூரம் ஜீப்பு குலுக்கி எடுத்துவிடும் என்று நான் பஸ்ஸில் கூட்டிப்போவேன். பிள்ளைகள் ரெண்டையும் வைத்துப் பார்க்க மாட்டார்களா? செண்பகனூரில் நம் சிவமுருகன் டூரிஸ்டுக்கு ஓட்டுகிறானே ஒரு பெரிய கார், ஏழு பேர் உட்காருவது, சகலை காரைவிட ஒரு முழம் நீளம். அதைக் கேட்டேன். "வெள்ளனே நாலு மணிக்கு எடுத்துக்கங்க மாமா" என்றான். சனிக்கிழமை சாயங்காலமே போய் அவன் வீட்டில் படுத்துக்கொண்டேன். நாலு மணிக்கு எழுந்தால் கார் இல்லை. சூரியன் உதிப்பதைப் பார்க்க யாரோ கேட்டார்களாம், கொண்டு போய்விட்டான். சீசனில் ஒரு வண்டி சும்மா நிற்காது. இது எனக்குத் தெரியாதா? நானே அப்படிப்பட்டவன்தானே.

எட்டரைக்கு வந்தான். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சாவியைக் கொடுத்தான். பெருமாள்மலை வரைக்கும் ரோடு முழுக்கக் கார். ஏறுகிறவன் இறங்குகிறவனுக்கு இடம் கொடுக்கவில்லை. மூணு மணி நேரம் நின்றேன். எனக்கு எதிரே நின்ற கார்களில் பிள்ளைகள் ஜன்னலில் தலையை நீட்டி எனக்கு டாட்டா காட்டினார்கள். நானும் காட்டினேன்.

ஏழு மணிக்கே உனக்கு போன் அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. அடித்தால் காரில் வருகிறேன் என்று சொல்ல வேண்டிவரும். வந்து இறங்கும்போது நீங்கள் எல்லாரும் பார்க்க வேண்டும் என்று இருந்தேன். பத்து மணிக்கு அடித்தபோது உன் போன் அணைந்திருந்தது. பெருமாள்மலையிலிருந்தே வண்டியைத் திருப்பிவிட்டேன்.

காரணத்தை நானே சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய். பிள்ளைகளிடம் இதைப் படித்துக் காட்டு. முழுசாகப் படி. சிரிக்கிற இடத்தில் சிரிக்கட்டும்.

சகலையோடு 18-ஆம் தேதி போய் வாருங்கள். நான் வரவில்லை. வருகிற முகம் இல்லை.

ராஜ்மோகன்


பழனி
14 மே, புதன்

இந்து அப்பாவுக்கு,

படித்துக் காட்டினேன். ஒரு முழம் நீளம் என்ற இடத்தில் செல்வம் சிரித்தான். இந்து சிரிக்கவில்லை.

அன்று நடந்ததை நான் சொல்கிறேன். ஏழு மணியிலிருந்து மலைப் பக்கமிருந்து வந்த பஸ் எல்லாவற்றையும் செல்வம் எண்ணினான். ஒவ்வொரு பஸ்ஸிலும் கடைசி ஆள் இறங்கும் வரை பார்ப்பான். ஒன்பது மணிக்குமேல் எண்ணுவதை விட்டுவிட்டான். நான் போனை அணைத்துப் பையில் போட்டேன். அப்போது இந்து சொன்னாள்: "அம்மா, அப்பா வந்தா திட்டாத. வந்ததே போதும்."

பத்து மணிக்கு எதிர் டீக்கடையிலிருந்து அத்தான் வந்தார். லாட்ஜில் ராத்திரி டூட்டி முடிந்த கையோடு, எங்களுக்குத் தெரியாமல் பின்னாலேயே வந்து காலையிலிருந்து அங்கே உட்கார்ந்திருக்கிறார். "மலை ரோடுதானே, ஏதாச்சும் ஆச்சுன்னா புள்ளைக நடுரோட்டுல நிக்குமேன்னு வந்தேன்" என்றார். செல்வம் உடனே, "பெரியப்பா, இப்பவே பார்க்குக்குப் போலாம்" என்றான். கார் இருந்தது, நேரம் இருந்தது, எல்லாரும் புதுத் துணியில் இருந்தோம். அத்தான் முடியாது என்றுவிட்டார். "இன்னிக்கு ஒங்கப்பா கூட்டிட்டுப் போற நாளு. நான் கூட்டிட்டுப் போனா நல்லாருக்காது. வாங்க, பரோட்டா தின்னுட்டு வீட்டுக்குப் போவோம்."

முகம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் முகத்தை யாரும் கேட்கவில்லை. உங்களைக் கேட்கிறார்கள். 18-ஆம் தேதி வாருங்கள். பஸ்ஸில் வாருங்கள். ஒட்டன்சத்திரத்தில் இருந்து காரை நீங்கள் ஓட்டுங்கள் என்று அத்தான் சொல்கிறார். "சகலைக்கு ஸ்டியரிங் கையில இருந்தா ஒண்ணும் பண்ணாதாம்ல" என்கிறார். இது அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். உங்கள் முதல் கடிதத்தை நான்தான் சத்தமாகப் படித்தேன்.

வராவிட்டால் இனிமேல் கடிதமும் இல்லை.

சுதாராணி


தாண்டிக்குடி
21 மே, புதன்

சுதாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ஸ்டாண்டு வரிசையில் கடைசியில் இருக்கிறேன். எனக்கு முன்னால் பதினோரு ஜீப்பு. அதனால் எழுத நேரம் இருக்கிறது.

பஸ் ஸ்டாண்டில் நான் இறங்கினதும் சகலை சாவியை நீட்டினார் பார், அங்கேயே எனக்கு அவர் மேல் இருந்த கோபம் ரெண்டு மடங்கு ஆகிவிட்டது. கெட்டவராக இருந்தால் பொறாமைப்படுவதற்கு ஒரு நியாயம் இருக்கும். இவர் அதற்கும் வழி விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, நான் கியர் மாற்றுகிறபோதெல்லாம், "வண்டிக்கே இப்பத்தான் சொகமா இருக்கும்" என்று புகழ்கிறார். புதுக் காரை ஓட்டுவது நன்றாகத்தான் இருந்தது. இதை அவரிடம் சொல்லாதே.

கேட்டுக்குள் நுழையும்போது செல்வம் என் கையைப் பிடித்திருந்தான். நீ கவனித்தாயோ இல்லையோ, நான் கவனித்தேன். இந்து யார் கையையும் பிடிக்கவில்லை. எல்லாருக்கும் முன்னால் ஓடினாள். நானும் சகலையும் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில், "மெதுவா!" என்று கத்தினோம். ரெண்டு பேரையும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஒரு நிமிஷம் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

பெரிய ரயில் பக்கம் நடந்ததை நீயும் அக்காவும் பார்க்கவில்லை. ஐஸ் வாங்கப் போயிருந்தீர்கள். ஒரு சீட்டுக்கு ரெண்டு பேர். செல்வத்தை உயரம் போதாது என்று நிறுத்திவிட்டார்கள். சகலை என்னைப் பார்த்து, "நீங்க போங்க சகலை, நான் செல்வத்தையும் பையையும் பாத்துக்கறேன்" என்றார். நான் தயாராகத்தான் இருந்தேன். வேட்டியைக்கூட மடித்துக் கட்டிவிட்டேன். இந்து என் காதுப் பக்கம் வந்து, யாருக்கும் கேட்காமல், "அப்பா, ஒங்களுக்கு ஒத்துக்காதுப்பா. நான் பெரியப்பாகூடப் போறேன். நீங்க கீழ நின்னு என்னைப் பாருங்க" என்றாள். என் மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படி மெதுவாகச் சொன்னாள். "ஆமா, நான் தெனமும் இதவிடப் பெரிய வளைவு பாக்கறவன், எனக்கு எதுக்கு" என்றேன், கொஞ்சம் சத்தமாக.

உங்கள் ரெண்டு பேர் கைப்பை, சாப்பாட்டுக் கூடை, சகலையின் கண்ணாடி, செருப்பு ரெண்டு ஜோடி, எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு பக்கம் செல்வம் தேம்பிக்கொண்டிருந்தான். ரயில் மெதுவாக ஏறியது. உச்சியில் கொஞ்சம் நின்றது. இந்து சகலையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பது கீழே இருந்தே தெரிந்தது. அப்புறம் தலைகீழாகப் போய்விட்டது.

இறங்கி வந்து ஒரே மூச்சில் எல்லாவற்றையும் என்னிடம்தான் சொன்னாள். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் பின்னால், "இல்ல பெரியப்பா?" என்று அவரிடம் கேட்டாள். அவரும், "ஆமாத்தா, ஆமாத்தா" என்றார். அவருக்கு முகம் வெளுத்துக் கிடந்தது. பாவம், அவருக்கும் அது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன். வாயைத் திறந்து சொல்லவில்லை. என்ன மனுஷன்!

வருகிற வழியில் பிள்ளைகள் தூங்கினபோது அவர் என்னிடம், "அடுத்த வருசமும் போவமா சகலை?" என்று கேட்டார். "போவோம், ஒங்க லாட்ஜ விட்டுட்டு வாங்க, நான் ஜீப்ப விட்டுட்டு வர்றேன்" என்றேன். அதை நான் மனசாரத்தான் சொன்னேன்.

நீ ஐஸோடு திரும்பி வந்தபோது என்னைப் பார்த்துச் சிரித்தாய். "அண்ணாந்து பாத்து வாய்க்குள்ள என்ன முணுமுணுக்கிறீங்க? சாமியா?" என்று கேட்டாய். "ஆமா, புள்ள பத்திரமா எறங்கணும்ல" என்றேன். நீயும் நம்பி, பழனி மலையிருக்கிற திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாய். மூணு நாளாக அது என்னைத் தின்கிறது.

பிள்ளை பத்திரமாக இறங்குவாள் என்று எனக்குத் தெரியும், சுதா. பெல்டை நானே ரெண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். நான் வேண்டிக்கொண்டது அது இல்லை. வெளியே சொல்லாதது இதுதான்: "முருகா, இவளுக்கு இது பிடிக்காமப் போகட்டும்."

ராஜ்மோகன்